அக்காவின் இரண்டாவது ஊசி

முதுகு வலிக்கிறது என்று அக்கா போனில் சொன்னபோது நான் பெங்களூரில், எங்கள் ஆய்வகத்தில், கையுறை போட்டுக்கொண்டு புற்றுநோய்ச் செல்களுக்கு ஊட்டநீர் மாற்றிக்கொண்டிருந்தேன். துறைமுகச் சாலைப் பள்ளத்தில் ஸ்கூட்டர் குதித்ததால்தான் இருக்கும் என்றாள். கண்டெய்னர் லாரிகள் உழுதுபோட்ட சாலை அது. யாருக்கும் முதுகு வலிக்கும்.

“எத்தனை நாளாக்கா?”

“அது ஒரு மூணு மாசம் இருக்கும்ளா. படுத்தா கூடுது.”

கையிலிருந்த தட்டை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். சாதாரண முதுகுவலி படுத்தால் குறையும்.

அக்காவுக்கு ஆறு வருடங்களுக்கு முன்பு இடது மார்பில் புற்றுநோய் வந்தது. அறுவை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடித்தாள். ஹார்மோனைப் பிடித்து வளர்கிற வகை என்பதால் பத்து வருடம் தினமும் ஒரு மாத்திரை என்று எழுதிக் கொடுத்தார்கள். அவள் தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஆபீசில் வேலை பார்க்கிறாள். இறக்குமதிச் சரக்குக்கான பத்திரங்களைச் சரிபார்த்து வெளியே எடுத்துவிடுகிற வேலை. அத்தான் கப்பலில் என்ஜினியர், வருடத்தில் பாதி கடலில். அம்மாவும் அப்பாவும் புன்னைக்காயல் கல்லறையில். அவளுக்கென்று ஓடி வர நான் ஒருத்திதான்.

நான் செய்யும் ஆராய்ச்சியும் மார்பகப் புற்றுநோய்தான். கட்டியில் உள்ள செல்களெல்லாம் ஒரே மாதிரி இல்லை. கொஞ்சம் செல்கள் மட்டும் ஸ்டெம் செல் எனப்படும் தண்டு செல்களைப் போல நடந்துகொள்ளும். மெதுவாகப் பிரியும், மருந்துக்கு மசியாது, எலும்பிலோ கல்லீரலிலோ போய் வருடக்கணக்கில் சும்மா கிடந்துவிட்டு ஒருநாள் புதுக் கட்டியைத் தொடங்கும். அவை எங்கிருந்து வருகின்றன என்பதுதான் என் கேள்வி. ஒருமுறை அந்தத் தண்டு செல்களை முழுக்கப் பிரித்தெடுத்துவிட்டு, மிச்சமுள்ள சாதாரணப் புற்றுச் செல்களை மட்டும் வளர்த்தேன். பத்தாம் நாள் பார்த்தால் அவற்றில் சிலவே தண்டு செல்களாக மாறியிருந்தன. ஜீன்களில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. எந்த ஜீன் வேலை செய்ய வேண்டும், எது அடங்கிக் கிடக்க வேண்டும் என்ற உத்தரவு மட்டும் மாறியிருந்தது.

அதைப் பார்த்த மறுநாள்தான் அக்காவுக்குக் கடைசிக் கதிர்வீச்சு. ஆஸ்பத்திரி வாசலிலிருந்து போன் செய்து, “எல்லாம் போயாச்சா பிள்ள?” என்று கேட்டாள்.

“போயாச்சுக்கா,” என்றேன்.

இப்போது மதுரையில் ஸ்கேன் எடுத்தோம். முதுகெலும்பில் மூன்று இடம் ஒளிர்ந்தது. கழுத்தெலும்புக்கு மேலே பட்டாணி அளவில் ஒரு நெறிக்கட்டி. அங்கே பார்த்த பெண் டாக்டர் அக்காவின் முதுகெலும்பில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். பத்து நாள் ஆகும் என்றார்கள். நான் விடுப்புப் போட்டுவிட்டு அக்கா வீட்டிலேயே தங்கினேன்.

மூன்றாம் நாள் அவளுடைய பழைய ரிப்போர்ட்டுகளைத் தேடி அலமாரியைத் திறந்தேன். சேலைகளுக்கு அடியில் அந்த மாத்திரைப் பெட்டி கிடந்தது. காலாவதியாகி மூன்று வருடம். பாதி அட்டைகள் பிரிக்கவே இல்லை.

குசினிக்குப் போனேன். அக்கா சாளை மீன் செதில் உரசிக்கொண்டிருந்தாள். பெட்டியை அவள் முன்னால் நீட்டினேன்.

“இது என்னக்கா?”

ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி மீனைத் தேய்த்தாள். “கை கால் மூட்டெல்லாம் பிடிச்சுக்கிட்டு. காலையில எந்திரிக்கவே முடியல. ஆபீஸ் மாடி ஏற முடியல. விட்டுட்டேன்.”

“யார்கிட்ட கேட்டு விட்ட? வேற மாத்திரை மாத்தித் தந்திருப்பாங்களே! எங்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?”

“நீதானளா சொன்ன, எல்லாம் போயாச்சுன்னு?” அவள் சத்தம் போடவில்லை. “போனதுக்கு எதுக்கு மாத்திரைன்னு நெனச்சேன்.”

நான் மொட்டைமாடிக்குப் போய் உப்புக்காற்றில் நின்றேன். அவளைத் திட்ட வாயில் நிறைய வார்த்தை இருந்தது. ஒன்றைக்கூடச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்றும் தெரிந்தது.

பத்தாம் நாள் ரிப்போர்ட் போனில் வந்தது. அதே புற்றுநோய்தான் எலும்பில். ஆனால் ஹார்மோனைப் பிடித்துக்கொள்கிற ஏற்பி அந்தச் செல்களில் இல்லை என்று போட்டிருந்தது. பழைய கட்டியில் நிறைய இருந்த ஏற்பி. அது இல்லையென்றால் ஹார்மோன் மாத்திரை எதுவும் வேலை செய்யாது. திரும்பக் கீமோதான், அதுவும் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று சொல்ல முடியாது. திங்கட்கிழமை தொடங்கலாம் என்று டாக்டர் செய்தி அனுப்பியிருந்தார். அன்று வியாழன்.

இப்படி நடக்கக்கூடியதுதான். ஏற்பியைச் செய்யும் ஜீன் இருந்த இடத்திலேயே இருக்கும், செல் அதைப் பூட்டிவிடும். தண்டு செல் குணம் ஏற ஏற அப்படிப் பூட்டிக்கொள்ளும் செல்களை நானே பார்த்திருக்கிறேன். ரிப்போர்ட்டை நாலைந்து தடவை படித்தேன். கடைசிப் பக்கத்தில், சின்ன எழுத்தில், சுண்ணாம்புச்சத்தை நீக்கிய பிறகு பரிசோதித்தது என்று ஒரு வரி.

மைக்ராஸ்கோப்பில் பார்க்க எலும்பை அப்படியே மெல்லிசாகச் சீவ முடியாது. அமிலத்தில் ஊறவைத்து அதிலுள்ள சுண்ணாம்புச்சத்தைக் கரைத்து மிருதுவாக்குவார்கள். அமிலம் கடுமையாக இருந்தால் ஏற்பியையும் சிதைத்துவிடும். இருந்தது இல்லாததாகத் தெரியும். அப்படியானால் அக்காவின் ஏற்பியைச் செல் அடக்கியதா, அமிலம் அழித்ததா? இந்தத் தாளை வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது.

டாக்டரைக் கூப்பிட்டேன். கழுத்து நெறிக்கட்டியில் எலும்பு கிடையாது, அமிலம் தேவைப்படாது, அங்கே இன்னொரு ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றேன்.

“நீங்க சொல்றதுல நியாயம் இருக்கு. ஆனா இன்னும் ஒரு வாரம் போகும். முதுகெலும்புல இருக்குறது நரம்பை அழுத்த ஆரம்பிச்சா கால் விழுந்துடும். நீங்க தங்கச்சியா பேசுறீங்களா, சயின்டிஸ்ட்டா பேசுறீங்களா?”

“தெரியல டாக்டர்.”

“அவங்களைக் கேளுங்க. அவங்க சொல்லட்டும்.”

அக்கா ஆபீசில் இருந்தாள். முதுகில் பெல்ட் கட்டிக்கொண்டு வேலைக்குப் போவதை விடவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போய், அவள் மேசைக்கு எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். எந்தச் செல்லிலும் எல்லா ஜீனும் இருக்கும் என்பதில் ஆரம்பித்து, எதைத் திறப்பது எதைப் பூட்டுவது என்ற உத்தரவு மாறினால் சாதாரணப் புற்றுச் செல்லே தண்டு செல்லாகும் என்பதுவரை. ஆறு வருடத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியதையும் சொன்னேன். அன்றைக்கே எனக்கு அது தெரியும், பயத்தில் மறைத்துவிட்டேன் என்றேன்.

அவள் சாப்பாட்டு டப்பாவை மூடினாள். “அப்போ சரக்கு மாறல. மேல ஒட்டுன பேப்பர்தான் மாறியிருக்குங்கிற.”

“ஆமாக்கா. இல்லன்னா பேப்பரே அழிஞ்சு போயிருக்கு. எதுன்னு தெரியல.”

“உனக்கு எது தோணுது?”

“அமிலம்தான்னு தோணுது. ஆனா எனக்கு அப்படித் தோணணும்னு ஆசையாவும் இருக்கு. அதனால என்னை நம்பாத.”

ஜன்னலுக்கு வெளியே நிலக்கரி ஏற்றிய லாரிகள் வரிசையாக நின்றன. அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “ஊசி போடச் சொல்லு. ஆனா காலு மரத்துச்சுன்னா அன்னைக்கே கீமோக்கு வந்துருவேன். இழுத்துக்கிட்டு இருக்கக் கூடாது,” என்றாள். எழும்போது மேசையைப் பிடித்துக்கொண்டாள். “அப்புறம் ஏளா, இனிமே எனக்குப் பொய் சொல்லாத. எனக்குத் தாங்கும்.”

மறுநாளே கழுத்தில் ஊசி போட்டார்கள். அதற்குப் பின்னான ஆறு நாள்களை நான் எப்படிக் கடத்தினேன் என்று கேட்டால் அவள் பாதங்களைப் பார்த்துத்தான். காலையில் அவள் கட்டிலை விட்டு இறங்குவதற்குள் போய் நிற்பேன். கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் பெருவிரலைத் தொடுவேன். எந்த விரல் என்று சொல்வாள். நாலாம் நாள் இடது சுண்டுவிரலைத் தொட்டபோது பதில் வரவில்லை. மறுபடி தொட்டேன். அப்போதும் இல்லை.

“அக்கா!”

“ஏளா இரு, அத்தானுக்கு மெசேஜ் போச்சான்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன். சுண்டுவிரல்.”

கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்கு டாக்டரே கூப்பிட்டார். நெறிக்கட்டியில் ஏற்பி இருக்கிறது, நிறையவே இருக்கிறது என்றார். எலும்பிலும் அப்படித்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு மாத்திரை தொடங்கலாம், இரண்டு மாதத்தில் ஸ்கேன் சொல்லிவிடும். நான் நன்றி சொன்னேனா என்றுகூட நினைவில்லை. அக்கா குளித்துக்கொண்டிருந்தாள். கதவைத் தட்டி, “இருக்குக்கா, இருக்கு!” என்று கத்தினேன். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் நின்றது. வெகுநேரம் அவள் வெளியே வரவில்லை.

இரண்டு மாத்திரை, எலும்பை உறுதியாக்க மாதம் ஒரு ஊசி என்று தொடங்கினார்கள். பழைய மாத்திரை மூட்டைப் பிடித்தது என்று அக்கா தானே டாக்டரிடம் சொல்லி வேறு வாங்கினாள். இரண்டு மாதத்தில் ஒளிர்ந்த மூன்று இடமும் மங்கின. அது நடந்து இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. குணமாகிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. அடங்கியிருக்கிறது என்கிறார் டாக்டர். எத்தனை நாளைக்கு என்று அக்கா என்னிடம் கேட்டாள். தெரியாது என்று சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

போன மாதம் மறுபடி மதுரையில் ஸ்கேன். முந்தின இரவிலிருந்து பட்டினி. மத்தியானம் ரிப்போர்ட்டைப் பிரித்த டாக்டர் முதல் பக்கத்தைப் புரட்டி, இரண்டாம் பக்கத்திலேயே கண்ணை வைத்துக்கொண்டிருந்தார். “அப்படியேதான் இருக்கு. புதுசா ஒண்ணும் இல்ல,” என்றார். வெளியே வந்ததும் அக்கா நேராக எதிர்க் கடைக்குப் போய் ஆளுக்கு இரண்டு பரோட்டா சொன்னாள். இலையில் வைத்ததும் எனக்குப் பிய்க்க வரவில்லை. கை ரிப்போர்ட் கவரையே பிடித்துக்கொண்டிருந்தது. அவள் என் பரோட்டாவையும் பிய்த்துப்போட்டு, சால்னாவை ஊற்றி, “சாப்பிடு,” என்றாள்.