தூளியில் கிடந்த அம்மிக் குழவி

எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் கொட்டகையில் ஒரு நாள் பிள்ளைகளோடு சேர்ந்து அம்மிக் குழவிகளும் தூங்கின. சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும், தூளியை ஆட்டியவள் நான்தான்.

அது மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதாம். கொழுந்தெடுக்க மலைக்குப் போகும் பெண்களின் கூடைகளை வேலி வாசலில் சிப்பாய்கள் கவிழ்த்துப் பார்ப்பார்கள். ஒரு பிடி சோறு வெளியே போகாது. கைக்குழந்தைக்குப் பால் என்றாலும் அதே சட்டம்தான். பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு போனால் அது பொழுது சாயும்வரை பசியிலும் குளிரிலும் கத்த வேண்டியதுதான். ஆகவே பிள்ளைக்காரிகளுக்கெல்லாம் அந்தக் கொட்டகையை விட்டால் வேறு கதி இல்லை.

ஒரு தகரக் கூரை, ஓர் அடுப்பு, உத்தரத்தில் வரிசையாகக் கட்டிய பழஞ்சேலைத் தூளிகள். அவ்வளவுதான் கொட்டகை. இடம் துரையுடையது. பால்மாவும் ஆயாவின் சம்பளமும் அரசாங்கத்துடையது. ஆயா என் சின்னம்மா, அம்மாவின் தங்கை. கல்யாணமாகிப் பல வருஷமாகியும் அவளுக்குப் பிள்ளை இல்லை. யாராவது அதைப் பற்றி வாயெடுத்தால், “தோட்டத்துப் புள்ளைங்க பூரா எங்கிட்டதானே கெடக்கு” என்று சிரித்துவிடுவாள். அது அவளுக்குப் போதும் போலிருக்கிறது என்று நானும் நினைத்திருந்தேன்.

அரசாங்கப் பணத்துக்கு ஒரு நிபந்தனை இருந்தது. கொட்டகையில் ஒரு டஜன் பிள்ளைகளாவது இருக்க வேண்டும். முன்பு இருந்தார்கள். கீழ் லயம் காட்டை ஒட்டி இருக்கிறதென்று சொல்லி, அங்கிருந்த குடும்பங்களை அதே அரசாங்கம் லோரியில் ஏற்றி வேறு தோட்டத்துக்குக் கொண்டுபோன பிறகு பாதித் தூளிகள் காலியாகிவிட்டன. பிள்ளைகளைக் கொண்டுபோனவர்களே பிள்ளைகள் எங்கே என்று கேட்க வருகிறார்கள் என்று அம்மா பொருமினாள்.

ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வந்து சொன்னார்: “நாளைக்கி ஒரு வெள்ளக்கார அம்மா பாக்க வர்றாங்க. கொறஞ்சா மூடச் சொல்லிருவாங்க. என்னால ஒண்ணும் பேச முடியாது.”

சாயங்காலம் குழாயடியில் பெண்கள் கூடினார்கள். காலித் தூளிகளைப் போர்த்தி மூடி ஆட்டிக் காட்டினால் என்ன என்றாள் ஒருத்தி. அம்மாவுக்கு வந்ததே கோபம்.

“வெறுந்தூளிய எவளாச்சும் ஆட்டுவாளாடி? இருக்கிற புள்ளைங்களுக்கு ஆகுமா?”

பிறகு சின்னம்மா மெல்லச் சொன்னாள்: “கொழவியப் போட்டுக்கலாம்க்கா.”

பிறந்த பிள்ளையை முதன்முதலாகத் தூளியில் விடுவதற்கு முன்னால் அம்மிக் குழவியை அதில் கிடத்தி ஆட்டி எடுப்பது எங்கள் வழக்கம். அதனால் தோஷமும் இல்லை, தூளியும் பிள்ளை கிடப்பதுபோலவே கனத்துத் தொங்கும். மறுநாள் லயத்தில் எந்த வீட்டிலும் மிளகாய் அரைக்கவில்லை. கிராணியின் பெண்சாதிகூடத் தன் வீட்டுக் குழவியை முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

அன்று நான் பள்ளிக்கூடம் போகாமல் தூளி ஆட்டக் கொட்டகையில் இருந்தேன். பெண்கள் மலைக்குப் போன பிறகு, தூறலில், அந்த வெள்ளைக்கார அம்மாள் வந்தாள். சிப்பாய்கள் வாசலில் நின்றுகொண்டார்கள். நிஜப் பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, கண்ணையும் வயிற்றையும் பார்த்தாள். பிறகு எங்கள் கற்கள் பக்கம் திரும்பினாள்.

“குளிருக்கு மூடியிருக்குங்க. இப்பதான் தூங்குதுங்க” என்றாள் சின்னம்மா. கிராணி அதை இங்கிலீஷில் சொன்னார். நான் பேய்பிடித்தவள் மாதிரி ஆட்டினேன்.

அந்த அம்மாள் சேலையைப் பிடித்துத் தூளியை நிறுத்தினாள். ஈரமாகியிருக்கிறதா என்று தாய்மார் பார்ப்பார்களே, அப்படி உள்ளங்கையைத் தூளியின் அடியில் கொடுத்தாள். கை அங்கேயே நின்றுவிட்டது. கிராணி கூரையைப் பார்த்தார். கொட்டகை மூடினால் அம்மா அங்கே கிடந்த என் கைக்குழந்தைத் தம்பியை முதுகில் கட்டிக்கொண்டுதான் மலை ஏற வேண்டும்.

அவள் கையை எடுக்காமலே ஏதோ கேட்டாள்.

“இது யாரு புள்ளன்னு கேக்குறாங்க” என்றார் கிராணி.

சின்னம்மா தூளியைப் பார்த்தபடி சொன்னாள்: “எம் புள்ளைன்னு சொல்லுங்கய்யா.”

அந்த இரண்டு வார்த்தையைக் கிராணி வெகுநேரம் மொழிபெயர்த்தார். கேட்டுக்கொண்டே அந்த அம்மாள் சின்னம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு விலகிக் கிடந்த துணியை இழுத்துக் கல்லின் மேல் சரியாகப் போர்த்திவிட்டு, மற்றத் தூளிகளைத் தொடாமலே வெளியே போய்விட்டாள்.

“புள்ளைங்க நல்லா கனமா இருக்காம். பால் நிக்காதுன்னுட்டாங்க” என்று கிராணி திரும்பி வந்து சொன்னார்.

சாயங்காலம் பெண்கள் சிரித்துச் சிரித்து அவரவர் குழவியை எடுத்துப்போனார்கள். லயம் முழுக்க அம்மிச் சத்தம். சின்னம்மா வீட்டுக் குழவி மட்டும் அந்த அம்மாள் போர்த்திவிட்ட தூளியிலேயே கிடந்தது. நான் அதை எடுக்கப் போனேன்.

“இருக்கட்டும்டி. கொஞ்ச நேரம் கெடக்கட்டும்” என்றாள் அவள். தூளியை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

வெள்ளைக்காரி ஏமாந்து போனாள், எங்கள் சின்னம்மாவைப் போலப் பொய் சொல்ல ஆளில்லை என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பெருமையடித்துத் திரிந்தேன்.