முழங்கைக்கு ஒரு பட்டன்

எங்கள் கம்பெனியில் அவருக்குப் பட்டனார் என்று பெயர். நேரில் சார், முதுகுக்குப் பின்னால் பட்டனார். சுவரில் பதிக்கிற ஸ்மார்ட் ஸ்விட்சுகளை வடிவமைப்பது அவர் வேலை. ஒரு பலகையில் நாலு பட்டன், ஆறு பட்டன் என்று இருக்கும். ஒன்றைத் தொட்டால் சும்மா ஒரு விளக்கு எரிந்துவிடாது, வீட்டுக்கே ஒரு தோரணை வரும். 'சாப்பாடு' என்றால் மேஜைக்கு மேலே மட்டும் வெளிச்சம். 'படம்' என்றால் டிவிக்குப் பின்னால் மங்கலாக ஒரு கோடு, மற்றதெல்லாம் அடக்கம். வரைவது அவர், சுவரைக் குடைந்து மாட்டுவது நான். நான் வயர்மேன். பதினொரு வருஷமாக அவர் வரைந்ததையெல்லாம் மாட்டியிருக்கிறேன், அதில் பாதியை நானே கழற்றியும் இருக்கிறேன்.

யார் வீட்டுக்குப் போனாலும் மனிதர் உட்காருவதற்கு முன்னால் ஸ்விட்சைத் தட்டிப் பார்ப்பார். கண்ணை மூடிக்கொண்டு அந்த 'டிக்' சத்தத்தைக் கேட்பார். ஒரு தடவை பல்வலி என்று போன இடத்தில், உள்ளே டாக்டர் யாருடைய வாயிலோ கை வைத்திருக்கும்போது இவர் வெளியே எதையோ தட்ட, உள்ளே விளக்கு அணைந்து, பெரிய ரகளையாகிவிட்டது. சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, அளக்கிற காலிப்பர் இருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் முதல் தடவை பெண் பார்க்கப் போனபோதுகூட, பெண்ணின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஹாலில் இருந்த ஸ்விட்ச் போர்டைத்தான் பார்த்தாராம். இதை அவர் மனைவி இன்றைக்கும் விட்டபாடில்லை. என்னை அண்ணா என்று கூப்பிடுவதால் அவள் எனக்குத் தங்கச்சி.

இனி வரப்போவது எட்டு பட்டன் பலகையின் கதை. அதில் நான் செய்த திருட்டுத்தனத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். மறைத்து மறைத்து எனக்கு அலுத்துவிட்டது.

எங்கள் கம்பெனியில் ஒரு சட்டம் உண்டு. எந்தப் பலகையும் விற்பனைக்குப் போவதற்கு முன்னால், அதை வடிவமைத்தவர் வீட்டிலேயே முப்பது நாள் ஓட வேண்டும். பழைய ஸ்விட்சுகளையெல்லாம் பிடுங்கிவிடுவோம். எந்தப் பட்டனை எத்தனை தடவை தொட்டார்கள் என்று பலகையே கணக்கு வைத்துக்கொள்ளும். 'இந்த விளக்குகளை இந்தப் பலகை தவிர வேறு எந்த ஸ்விட்சும் இயக்கவில்லை' என்று மாட்டியவர் வாரா வாரம் கையெழுத்துப் போட வேண்டும். மாட்டியவர் என்றால் நான்தான்.

பட்டனாரின் ஆறு பட்டன் பலகை போன வருஷம் தோற்றது. அதற்கு முந்தைய வருஷம், திருகுகிற வட்டம் ஒன்று தோற்றது. இந்த எட்டும் தோற்றால் வடிவமைப்பை விட்டுவிட்டுப் புகார் பிரிவுக்குப் போய்விட வேண்டும் என்று முதலாளியம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார். புகார் பிரிவு என்பது ஜன்னல் இல்லாத ஓர் அறை, ஒரு டெலிபோன். யாரோ செய்த ஸ்விட்சுக்கு யாரிடமோ திட்டு வாங்கிக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும். ஸ்விட்சுக்காகவே பிறந்த மனிதரை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தால் ஒரே மாதத்தில் ஆள் காலி.

எட்டுக்கும் எட்டுப் பெயர்: வரவேற்பு, சாப்பாடு, படிப்பு, படம், விருந்து, ஓய்வு, தூக்கம், எல்லாம் அணை. ஹாலில், சமையலறை வாசலை ஒட்டி மாட்டினேன். கண்ணாடி முகம், விரல் நுனி பட்டாலே போதும். பார்க்க அவ்வளவு அழகு. வெறுமனே ஹாலில் ஒரு விளக்கு எரிய வேண்டும் என்றால் எதைத் தொடுவது என்று அன்றைக்கு நாங்கள் யாருமே கேட்கவில்லை.

இரண்டு நாள் நன்றாகத்தான் போயிற்று. எட்டாவது படிக்கிற மகள் 'படிப்பு' பட்டனைப் போட்டுவிட்டு அந்த வெளிச்சத்தில் போர்த்திக்கொண்டு தூங்கினாள். பலகையின் கணக்கைப் பார்த்துவிட்டு, பிள்ளை என்னமாய்ப் படிக்கிறாள் என்று பட்டனார் ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் தங்கச்சி எனக்குப் போன் செய்து, அவர் வருவதற்குள் ஒரு எட்டு வந்து போகச் சொன்னாள். போனால், ஒரு காலில் ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நடந்தது இதுதான். இரண்டு கையிலும் கொதிக்கிற பாத்திரம். பழைய ஸ்விட்சாக இருந்தால் முழங்கையால் ஓர் இடி, விளக்கு எரியும். பதினாலு வருஷப் பழக்கம். அன்றைக்கும் இடித்திருக்கிறாள். முழங்கைக்கு விருந்து எது, தூக்கம் எது என்று தெரியுமா? மூன்று பட்டன் ஒன்றாக அமுங்கி, வீடு ஒரு நொடி கல்யாண மண்டபம் மாதிரி ஜொலித்து, மறு நொடி கும்மிருட்டாகி, பாத்திரம் தளும்பிக் காலில் ஊற்றிவிட்டது.

அவரிடம் சொல்லிவிடலாமே என்றேன். கூடவே கூடாது என்று தலையை ஆட்டினாள். போன தடவை பலகை தோற்றபோது அவர் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை, அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்கத் தன்னால் முடியாது என்றாள். அப்புறம் தணிந்த குரலில் கேட்டாள்.

"முப்பது நாளைக்குத்தான் அண்ணா. எங்கேயாவது கண்ணுல படாம ஒரு சாதா ஸ்விட்ச் வச்சுக் குடுங்க. விளக்கு எரிஞ்சா போதும் எனக்கு."

காலைப் பார்த்தேன், செய்துவிட்டேன். வாசல் கதவுக்குப் பின்னால் மழைக்கோட்டுகள் தொங்குகிற ஆணிகளுக்கு நடுவில், ஹாலின் நடு விளக்குக்கு மட்டும் தனியாக வயர் இழுத்து ஒரு சாதா ஸ்விட்ச். இதைப் போட்டுவிட்டால் பலகை தலைகீழாக நின்றாலும் அந்த விளக்கு அணையாது. வந்த வினை அதுதான். வேலை மும்முரத்தில் தங்கச்சி அதைப் போடுவாள், அணைக்க மறப்பாள். பட்டனார் வந்து சாவகாசமாக 'படம்' பட்டனைத் தொடுவார். எல்லா விளக்கும் மரியாதையாக மங்கும். நடு விளக்கு மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு எரியும்.

அவர் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டார். புரோகிராமை முதலிலிருந்து திருப்பி எழுதினார். ஏணி போட்டு ஏறி, விளக்கைக் கழற்றி, காதில் வைத்துக் கேட்டார். கடைசியில் என்னைக் கூப்பிட்டார். நான் போய், மெயினை அணைத்துவிட்டு வாருங்கள் என்று அவரை வெளியே அனுப்பிவிட்டு, மழைக்கோட்டுக்குள் கையை விட்டு ஒரு தட்டு தட்டினேன். அவர் மெயினைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் எல்லாம் சரி. ஒரு வயர் லூசாக இருந்தது என்றேன். எந்த வயர் என்று கேட்டார். கறுப்பு என்றேன். நோட்டுப் புத்தகத்தில் 'கறுப்பு' என்று எழுதிக்கொண்டார். அடுத்த வாரமும் அதே கதை. நான் மறந்துபோய் சிவப்பு என்றேன். அவர் நோட்டைப் பின்னால் புரட்டிப் பார்த்துவிட்டு, சிவப்பையும் எழுதிக்கொண்டார். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இருபத்தெட்டாம் நாள் அவர் தன் அறிக்கையை என்னிடம் நீட்டினார். 'நடு விளக்கு சொன்னபடி அணைவதில்லை. காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை. இந்தப் பலகையை விற்பனைக்கு அனுப்பக் கூடாது' என்று கடைசியில் எழுதியிருந்தது. வேறு யாராவது என்றால் அந்த மூன்று வரியை முழுங்கியிருப்பார்கள். இவருக்கு அது வராது. குறையே இல்லாத இடத்தில் ஒரு குறையை உண்டாக்கி, அதை அவர் கையாலேயே எழுத வைத்து, அவரைப் புகார் பிரிவுக்கு அனுப்பப்போவது நாங்கள் இரண்டு பேர்.

தங்கச்சியிடம் ஓடினேன். இன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்பதில் இருவருக்கும் சந்தேகமில்லை. யார் சொல்வது என்பதில்தான் இழுபறி. நீங்களே சொல்லுங்கள் அண்ணா என்று அவள், உன் வாயால் சொன்னால்தான்மா அவருக்கு ஆறும் என்று நான். இப்படியே பந்தை உருட்டி உருட்டி முப்பதாம் நாளும் வந்துவிட்டது. முதலாளியம்மாவும் வந்துவிட்டார்.

வந்தவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, எல்லாவற்றையும் அணைத்துக் காட்டச் சொன்னார். பட்டனார் 'எல்லாம் அணை' பட்டனைத் தொட்டார். வீடே அணைந்தது. நடு விளக்கு மட்டும் எரிந்தது. விருந்தாளி வருகிற பரபரப்பில் தங்கச்சியின் கை வழக்கம்போல மழைக்கோட்டுக்குள் போய் வந்திருக்கிறது.

பட்டனார் ஒரு சாக்குப்போக்கும் சொல்லவில்லை. நாலு வாரமாக இந்தக் குறை இருப்பதாகவும், தனக்குக் காரணம் பிடிபடவில்லை என்றும் சொல்லி அறிக்கையைக் கொடுத்தார். முதலாளியம்மா கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு மடித்து வைத்தார்.

"அப்போ இதோட விட்டுடலாம் சார். திங்கட்கிழமையிலேருந்து புகார் பிரிவுக்கு வந்துடுங்க."

பட்டனார் தலையை ஆட்டினார். சட்டைப் பையிலிருந்த காலிப்பரை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து சமையலறையிலிருந்து தங்கச்சி இரண்டு கையிலும் டீத் தட்டோடு வந்தாள். எங்களுக்கு டீ கொடுக்காமல் நேராக வாசல் கதவுக்குப் போனாள். தோளால் மழைக்கோட்டை ஒதுக்கினாள். முழங்கையால் ஓர் இடி. டிக். நடு விளக்கும் அணைந்து, ஹால் கும்மிருட்டானது.

"அவர் செஞ்சதுல எந்தக் குறையும் இல்லைங்கம்மா," என்றது இருட்டில் அவள் குரல். "இந்த விளக்கை இத்தனை நாளா எரிய விட்டது நான்."

முதலில் யாராவது லைட்டைப் போடுங்கள் என்றார் முதலாளியம்மா. எட்டு பட்டன் பலகை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், இருட்டில் எது எந்தப் பட்டன் என்று தெரியாமல் நானும் பட்டனாரும் நின்றோம். மறுபடியும் முழங்கை, மறுபடியும் டிக். வெளிச்சம் வந்தபோது முதலாளியம்மா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வாரா வாரம் கையெழுத்துப் போட்டது யார் என்று கேட்டார். திருதிருவென்று விழித்துக்கொண்டு, நான்தான் அம்மா என்றேன்.

தங்கச்சி கொதிக்கிற பாத்திரத்தில் ஆரம்பித்து கறுப்பு வயர், சிவப்பு வயர் வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பட்டனார் கத்தப்போகிறார் என்று காத்திருந்தேன். பதினொரு வருஷத்தில் அவர் கத்தி நான் பார்த்ததில்லை. ஆனால் இன்றைக்குக் கத்தினால் நியாயம்தான். அவர் மெதுவாகத் தங்கச்சியிடம் போனார்.

"முழங்கையாலயா போட்ட?" என்று கேட்டார்.

ஆமாம் என்றாள். காலிப்பரை எடுத்தார். தட்டைக்கூட இறக்க விடாமல், டீ தளும்பத் தளும்ப, அவள் முழங்கையின் அகலத்தை முதலாளியம்மா எதிரிலேயே அளந்தார். தரையிலிருந்து உயரத்தை அளக்க என் டேப்பை வாங்கிக்கொண்டார். எல்லாவற்றையும் நோட்டில் எழுதி முடித்த பிறகுதான் குனிந்து அவள் காலைப் பார்த்தார். வடு இன்னும் சிவப்பாக இருந்தது.

"மூணாம் நாளே சொல்லியிருக்கலாமே."

"நீங்க வாடிப் போயிடுவீங்கன்னுதான் சொல்லல," என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"நான் வாடினா ரெண்டு நாள்ல சரியாயிடுவேன். இது இப்படியே கடைக்குப் போயிருந்தா எத்தனை வீட்டுல கால் சுட்டிருக்கும்?"

முதலாளியம்மா டீயைக் குடித்து முடித்தார். பலகையைத் திருத்தி இன்னொரு முப்பது நாள் ஓட்டிப் பாருங்கள் என்று அவரிடம் சொன்னார். என் பக்கம் திரும்பி, திங்கட்கிழமை புகார் பிரிவில் யாராவது உட்கார வேண்டும் இல்லையா என்று கேட்டார். ஒரு மாதம் உட்கார்ந்தேன். முதல் போனே நான் வயர் இழுத்த வீட்டிலிருந்துதான் வந்தது. திட்டு கொஞ்சநஞ்சமில்லை, அதில் முக்கால்வாசி உண்மை.

அதற்குள் பட்டனார் ஆபீஸில் ஒருவரையும் சும்மா விடவில்லை. எல்லாரையும் கையில் தட்டோடு வரிசையில் நிற்க வைத்து முழங்கையால், தோளால், இடுப்பால் இடிக்கச் சொன்னார். பார்க்கிறவர்களுக்கு எங்களுக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் தோன்றியிருக்கும். புதுப் பலகையில் மேலே ஏழு சின்னப் பட்டன்கள். கீழே, முழங்கை உயரத்தில், பலகையின் முழு அகலத்துக்கும் ஒரே ஒரு பட்டை. இடித்தால் நடு விளக்கு எரியும், இன்னொரு தடவை இடித்தால் அணையும். அதில் என்ன எழுத்துப் பொறிப்பது என்று கேட்டதற்கு, முழங்கைக்குப் படிக்கத் தெரியாது, ஒன்றும் வேண்டாம் என்றாராம்.

புதுப் பலகையை மாட்டுவதற்கு மட்டும் என்னைப் புகார் பிரிவிலிருந்து ஒரு நாள் விட்டார்கள். மாட்டிவிட்டு, கதவுக்குப் பின்னால் இருந்த திருட்டு ஸ்விட்சைக் கழற்றப் போனேன். பட்டனார் தடுத்துவிட்டார்.

"அது இருக்கட்டும்ணே. எனக்காக யாரும் கஷ்டப்பட வேண்டாம். பிடிக்கலன்னா அவ அதையே போட்டுக்கட்டும்."

புதுப் பலகையின் முப்பதாம் நாள் மழைக்கோட்டை ஒதுக்கிப் பார்த்தேன். தங்கச்சி தள்ளி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், பட்டனார் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்விட்சின் மேல் கட்டை விரலை வைத்து இழுத்தேன். விரல் சாம்பல் நிறமாக வந்தது, அவ்வளவு தூசி. தூசியைப் பார்த்து ஒரு மனிதர் கண்கலங்கி நின்றதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். வீட்டை நான் பெருக்குவதே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள் அண்ணா, வேண்டுமென்றேதான் அதை மட்டும் துடைக்கவில்லை என்றாள் தங்கச்சி.

நான் கையெழுத்துப் போடுகிற படிவத்தில் இருந்த பழைய வரியைப் பட்டனாரே அடித்துவிட்டு, 'இன்னொரு ஸ்விட்ச் இருக்கிறது, முப்பது நாளாக யாரும் தொடவில்லை' என்று எழுதிக் கொடுத்தார். கை கழுவாமல் கையெழுத்துப் போட்டேன். பெயருக்குப் பக்கத்தில் என் கட்டை விரல் அச்சு அப்படியே பதிந்துவிட்டது. இது என்ன அழுக்கு என்று மறுநாள் முதலாளியம்மா கேட்டார். அதுதான் அம்மா சாட்சி என்றேன்.