சராசரிக் குழந்தை எங்கும் பிறக்கவில்லை

செவ்வாய்க்கிழமை காலை கட்டிங் பிரிவில் நின்றுகொண்டிருந்தேன். எஸ்தர் அக்காவின் மகள் அழைத்தாள். “அம்மா போயிட்டாங்க மாமா” என்றாள். அப்படியே கிளம்பிப் போனேன்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்தவர் அக்கா. புள்ளியியல் படித்தவர். குழந்தைகள் ஆடை தைக்கும் எங்கள் கம்பெனியில், ஆடைகளுக்கு அளவு வரைந்து தரும் பேட்டர்ன் பிரிவை நடத்தினார். நான் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். அவருடன் வேலை செய்தவர்களுக்கு அந்தப் பனியன் ஆர்டர் நினைவிருக்கும்.

ஒரு வயதுக் குழந்தைகளுக்கான பனியன் அது. ஆர்டர் தந்த பையர் அனுப்பிய அளவுச் சார்ட்டில், சராசரித் தலைச் சுற்றளவுக்கு ஏற்பக் கழுத்து விரிந்தால் போதும் என்றிருந்தது. அக்கா ஒப்பவில்லை.

“ஏனுங்க எஸ்தர், பையரே குடுத்த சார்ட்டுங்க. நாம மாத்தச் சொன்னா ஆர்டரே போயிருமுங்க” என்றார் முதலாளி.

“சராசரிப் பிள்ளைன்னு ஒண்ணு எங்கயாவது பொறந்திருக்கா சார்? கூட்டியாங்க, அதுக்கு மட்டும் தச்சுக் குடுப்போம்.”

மறுநாள் டேப்பை எடுத்துக்கொண்டு கம்பெனிக் குழந்தைகள் காப்பகத்துக்குப் போனார். பிறகு திருப்பூர் ராயபுரத்தில் தொழிலாளர்களின் வீடு வீடாக. நானும் உடன் போனேன். வேலைக்காக வந்து குடியிருந்த பீகார்த் தாய்மார்கள் சிரித்தபடியே பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டார்கள்.

எல்லாத் தலை அளவையும் கூட்டி, எண்ணிக்கையால் வகுத்தார். சார்ட்டில் இருந்த அதே அளவு வந்தது.

“பாத்தீங்களா, சார்ட்டு சரிதானுங்க!” என்றார் முதலாளி.

“தப்புன்னு நான் சொல்லலியே சார். அதுக்கு மேல இருக்க பிள்ளைங்க தலை எப்படி உள்ள போவும்?”

பிறகு ஒவ்வொரு தலையும் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று கழித்துப் பார்த்தார். அந்த வித்தியாசங்களை வர்க்கமாக்கி, அவற்றுக்கும் சராசரி கண்டு, வர்க்கமூலம் எடுத்தார். ஒன்றரை சென்டிமீட்டர் வந்தது. எனக்கு அது வெறும் திட்ட விலக்கம். அவருக்கு அதற்குள் அழுகிற முகங்கள் தெரிந்தன என்பது அடுத்த நிமிடமே எனக்குப் புரிந்தது.

சார்ட்டின்படி தைத்த மாதிரிச் சட்டையை, தாயின் சம்மதத்தோடு, காப்பகத்தில் கொஞ்சம் பெரிய தலையுள்ள ஒரு குழந்தைக்கு மாட்டினார். நெற்றி தாண்டி மூக்கில் சிக்கிக்கொண்டது. குழந்தை வீறிட்டது. அக்காவின் கை எட்டும் முன்பே முதலாளி ஓடிவந்து சட்டையை உருவி, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டார். “அழாத கண்ணு, அழாத சாமி...”

“அப்ப கழுத்தைப் பெருசு பண்ணிரலாங்க அக்கா” என்றேன்.

“சின்னத் தலைப் பிள்ளைக்குத் தோள்ல வழியுமே. அதுவும் அந்தப் பக்கம் தள்ளி நிக்குல்லா?”

கழுத்து அளவை அப்படியே விட்டுவிட்டு, தோளில் இரண்டு பிரஸ் பட்டன் வைத்தார். அவிழ்த்தால் பெரிய தலையும் நுழையும். பூட்டினால் சின்னக் கழுத்திலும் நிற்கும். ஓர் எண்ணிலிருந்து ஒருவர் இத்தனை குழந்தைகளிடம் போய்ச் சேர முடியுமா என்று வியந்தேன். முதலாளியே பையரிடம் பேசினார். பையர் ஏற்றுக்கொண்டார்.

“நடுவுல நிக்கிறவன அளவு பாத்துக்கிடும், ஓரத்துல நிக்கிறவன நாமதான் பாக்கணும்” என்பார் அக்கா. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்தப் பார்வையைத்தான்.

அடக்கம் முடிந்த மறுநாள் தையல் பிரிவின் உற்பத்திக் கணக்கு வந்தது. சராசரி நன்றாகவே இருந்தது. ஆகக் குறைவு யாருடையது என்று கேட்டேன். ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். அவருடைய மெஷினுக்கு மேலிருந்த விளக்கு எரியவில்லை.