அவளுக்காக நான் வாதாடிய நாள்

மருத்துவமனை நடைக்கூடத்தில் என் பெயரை அழைத்தார்கள். "வந்துவிட்டேன்" என்றேன், கரகரப்பாக. எதிரே இருந்த குழந்தை மிரண்டு, தாயின் மடியில் முகம் புதைத்தது. மேடையில் ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசையைத் தொட்ட குரல் அது, என் குரல்.

ஒரகடத்தில் உதிரிபாகத் தொழிற்சாலையில் எனக்குச் சோதனைப் பிரிவு. ஒவ்வொரு போல்ட்டையும் விரலால் சுட்டி, "சரி" என்று உரக்கச் சொல்வது அங்கே விதி. ஷிப்ட் முழுவதும் இரைச்சலை மீறிச் சொன்னேன். ஞாயிறுதோறும் பட்டிமன்ற மேடையில் பேச்சு. மூன்று மாதக் கரகரப்பைத் தேனும் மிளகும் கொண்டு ஏமாற்றினேன். நீங்கள் ஏமாற்றாதீர்கள்.

ஒலி எழுப்பும் குரல்நாணில் பாலிப் என்னும் சிறு சதை வளர்ச்சி. அறுவை செய்து நீக்கிய மருத்துவர், "ஒரு வாரம் பேசக் கூடாதும்மா. கிசுகிசுப்பும் பேச்சுதான். தழும்பு விழுந்துட்டா பழைய குரல் வராது" என்றார்.

பென்னலூரில் எங்கள் வாடகை அறை. அறைத்தோழி முத்துமாரி தூத்துக்குடிக்காரி. "ஏட்டி, இந்த ஒரு வாரந்தான் இந்த ரூம்ல நான் ஜெயிக்க முடியும்" என்று சிரித்தவள், ஒரு புத்தகத்தைக் கொடுத்துவிட்டு ஷிப்டுக்குப் போனாள். பனிநாட்டுப் பழங்கதை ஒன்றை அவள் ஊர் உப்பளத்துக்குக் கொண்டுவந்து எழுதியிருந்தார்கள்.

சாபத்தால் பூநாரைகளாகிவிட்ட ஆறு அண்ணன்மார். அவர்களை மீட்க, தங்கை ஆறாண்டுகள் வாய் திறவாமல், தொட்டால் எரியும் செந்தட்டி நாரில் சட்டைகள் தைக்க வேண்டும். ஒரு சொல் உதிர்ந்தால் அண்ணன்மார் இறப்பர். ஊர்க்கூட்டம் அவளைச் சூனியக்காரி என்கிறது. அவள் மறுக்கவில்லை, தைக்கிறாள்.

ஏழாம் நாள் கருவியைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்த மருத்துவரின் முகம் இறுகியது. "ரத்தம் கசிஞ்சிருக்கு. யார்கிட்ட பேசுனீங்க?"

யாரிடமும் இல்லை என்று சிலேட்டில் எழுதினேன். அவர் மேசைமேல் கிடந்த நாளிதழை நீட்டி, "மனசுக்குள்ள படிங்க" என்றார். என் தொண்டையில் இரு விரல் வைத்தார். "அசையுது பாருங்க."

அப்போதுதான் விளங்கியது. மேடைக்காகவே படித்துப் பழகிய எனக்குக் கண்ணால் மட்டும் படிக்கத் தெரியாது. அதைவிடப் பெரிய பிழை ஒன்றும் இருந்தது. கதையில் ஊர்க்கூட்டம் அந்தத் தங்கையைப் பழித்த பக்கத்தைப் படிக்கையில் நான் எழுந்து நின்றிருந்தேன். "நடுவர் அவர்களே" என்று தொடங்கி, சுவரைப் பார்த்து, அவளுக்காகக் கிசுகிசுப்பாக வாதாடியிருந்தேன். அவள் காத்த மௌனத்தை நான் உடைத்தேன்.

மேலும் மூன்று வாரம் மௌனம். பொழுதை மணியால் அளக்காமல் விழுங்கும் எச்சிலால் அளந்தேன். உதட்டை மூடி, தொண்டையில் விரல் வைத்து, வரிவரியாக மீதிக் கதையைப் படித்தேன். கடைசிச் சட்டைக்குக் கழுத்துப்பட்டி தைக்கத் தங்கைக்கு நேரமில்லை. அதை அணிந்ததும் கடைசி அண்ணன் மனிதனானான். அவன் தொண்டை மட்டும் பறவையுடையதாகவே நின்றுவிட்டது.

பேசலாம் என்று மருத்துவர் அனுமதித்த மாலை, சமைத்துக்கொண்டிருந்த முத்துமாரியின் முதுகுக்குப் பின்னால் நின்று, "சரி" என்றேன்.

அவள் கரண்டியோடு திரும்பினாள், என்னைத் தாண்டிக் கதவைப் பார்த்தாள்.

"ஏட்டி, யாரு வந்திருக்கா?"

நானும் கதவைத்தான் பார்த்தேன்.