குருவிச் சத்தம் நின்றபோது

போன வருடக் கடைசியில், ஒரு சனிக்கிழமை காலையில், எங்களுக்குப் பக்கத்து டவுனான சிரம்பானின் பழைய கடைத்தெருவில் நடந்தது இது. இன்றைக்கும் இதைச் சொல்ல ஆரம்பித்தால் என் கை தானாக நெஞ்சுக்குப் போய்விடுகிறது.

லுக்குட் பக்கத்தில் ஒரு எஸ்டேட்டில் நானும் என் தங்கையும் அடுத்தடுத்த வீடுகளில் இருக்கிறோம். தங்கை கேக் செய்து விற்பவள். பிறந்தநாள், கல்யாணம், கிறிஸ்துமஸ் என்று ஆர்டர் வந்து குவிந்ததில் வீட்டு அடுப்படி அவளுக்குப் பற்றவில்லை. சிரம்பான் பழைய தெருவில் ஒரு கடை காலியாக இருக்கிறது, வாடகையும் கையைக் கடிக்காது என்று யாரோ சொன்னதை நம்பி, போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

பழைய தெரு என்றதுமே நான் வேண்டாம் என்றேன். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அப்பா அந்தத் தெருவை மட்டும் சுற்றிக்கொண்டு போவார். சாராயக் கடைகள், சூதாட்டம், மாடியில் மலிவு லாட்ஜுகள். பட்டப்பகலிலேயே கடை வாசலில் ஆட்கள் விழுந்து கிடப்பார்கள். இப்போது அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீர்படுத்திக்கொண்டு வருகிறார்கள். ஒரு சுவரில் அழகாகக் காப்பி ஆற்றுகிறவர் படம் வரைந்திருக்கிறார்கள், அடுத்த சுவரில் ஆலஞ்செடி முளைத்திருக்கிறது. ஒரு கடையில் கண்ணாடிக் கதவும் பூந்தொட்டியும், அதற்குப் பக்கத்துக் கடையில் துருப்பிடித்த பூட்டு. எனக்கென்னவோ கிழிந்த சட்டைக்குப் புதுப் பொத்தான் தைத்த மாதிரிதான் பட்டது.

கடைச் சொந்தக்காரர் வரத் தாமதமாகும் என்று போன் செய்தார். எதிரே புதிதாகத் திறந்திருந்த காப்பிக்கடையில் உட்கார்ந்தோம். எனக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாது. முன்பக்கம் பெயிண்ட் அடித்து மினுக்கிவிட்டார்கள், பின்பக்கம் சாக்கடை எப்படி இருக்கிறது, எலி ஓடுகிறதா என்று யார் பார்ப்பது?

"அக்கா, நீ என்னா எஸ்டேட்டு கிராணி வேலையா பாக்குற, எல்லாத்தையும் செக் பண்றதுக்கு? சும்மா உட்காருலா" என்று தங்கை சிரித்தாள்.

"நீ குடி. நான் ஒரு எட்டு பாத்துட்டு வந்துர்றேன்" என்று எழுந்தேன். அந்தப் பக்கம் பை பறிப்பு அதிகம் என்று கேள்விப்பட்டிருந்ததால், கெட்டிக்காரத்தனமாகக் கைப்பையை அவளிடமே கொடுத்துவிட்டு போனை மட்டும் எடுத்துக்கொண்டேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. மூச்சுக்கு அடித்துக்கொள்ளும் பம்ப் அந்தப் பைக்குள் இருந்தது. அதை மறந்தே போனேன்.

பின்சந்துக்குள் திரும்பியதும் முதலில் காதில் விழுந்தது குருவிச் சத்தம்தான். கீச்கீச்சென்று விடாமல், ஆயிரம் குருவி ஒன்றாகக் கத்துகிற மாதிரி. பரவாயில்லையே, இங்கே மரமெல்லாம் இருக்கும் போல என்று நினைத்தேன். அண்ணாந்து பார்த்தால் ஒரு மரத்தையும் காணோம்.

சந்தில் ஒரு மோட்டார்சைக்கிள் பட்டறை இருந்தது. வாசலில் ஓர் ஆள் டயரைக் கழற்றிக்கொண்டிருந்தார். நல்ல உயரம், கழுத்து வரை பச்சை குத்தியிருந்தது. நம் தமிழ் ஆள்தான். வேலையை நிறுத்திவிட்டு என்னையே உற்றுப் பார்த்தார்.

"யாருக்கா வேணும்?"

திரும்பிப் போனால் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். முதுகில் அந்தப் பார்வை குத்திக்கொண்டே இருக்க, வேகமாக முன்னால் நடந்தேன். நல்லவேளையாக ஓர் இரும்புக் கதவு திறந்திருந்தது. கதவு சாத்திக்கொள்ளாமல் ஒரு வாளியை முட்டுக் கொடுத்திருந்தார்கள். நாங்கள் பார்க்க வந்த கடையின் பின்வாசல் இதுதான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டேன். உண்மையில் அது பக்கத்துக் கட்டடம்.

உள்ளே மாடிப்படி மட்டும்தான். வந்தது வந்தோம், மேலே ஒழுகுகிறதா என்று பார்த்துவிடலாமே என்று ஏறினேன். என் மூக்கு எப்போதும் என்னைவிட இரண்டடி முன்னால் போகும். படி ஏற ஏற குருவிச் சத்தம் காதைப் பிளந்தது. மூக்கை அரிக்கிற ஒரு நெடி வேறு. மேலே கறுப்புப் பிளாஸ்டிக் திரை தொங்கியது. விலக்கிக்கொண்டு போனால் கும்மிருட்டு. போன் வெளிச்சத்தைக் காட்டினேன். ஜன்னல்கள் எல்லாவற்றையும் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். கூரைப் பலகை முழுக்க வெள்ளை வெள்ளையாகச் சின்னக் கூடுகள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இது வாலிட் குருவி வளர்க்கிற கட்டடம். அந்தக் குருவியின் கூட்டை விலை கொடுத்து வாங்கி சூப் வைத்துக் குடிக்கிறார்கள் அல்லவா, அதற்காகப் பழைய கடை மாடிகளை இப்படி இருட்டாக்கிவிட்டு, குருவிகளை வரவழைக்க நாள் முழுக்க ஒலிபெருக்கியில் பதிவு செய்த சத்தத்தைப் போடுவார்கள். நான் சந்தில் கேட்டதும் அதுதான்.

திரும்பிவிடலாம் என்று நினைத்த நொடியில் ஏதோ ஒன்று சரேலென்று என் தலையை உரசிக்கொண்டு பறந்தது. அலறிக்கொண்டு பின்னால் நகர்ந்தேன். கால் வழுக்கியது. தரையில் ஈரப்பதத்துக்காகத் தண்ணீர் கட்டி வைத்திருந்த தொட்டிக்குள் தடாலென்று விழுந்தேன். போனும் விழுந்து அணைந்தது. முழங்காலில் எரிச்சல், உடம்பெல்லாம் எச்சத் தண்ணீர். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே இருட்டுதான்.

சுவரைத் தடவித் தடவி, உட்கார்ந்த வாக்கிலேயே ஒவ்வொரு படியாக இறங்கினேன். கீழே வெளிச்சம் தெரிய வேண்டுமே, தெரியவில்லை. கதவு மூடிக் கிடந்தது. அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற ஆள் வேலை முடிந்து, வாளியை எடுத்துக்கொண்டு, வெளியே பூட்டுப் போட்டுப் போய்விட்டார். உள்ளே ஒரு பைத்தியக்காரி ஏறிப் போயிருப்பாள் என்று அவர் கனவா கண்டார்?

இரண்டு கையாலும் கதவைக் குத்தினேன். "யாராச்சும் இருக்கீங்களா! கதவைத் திறங்க!" என்று கத்தினேன். கத்தியது என் காதுக்கே கேட்கவில்லை. உள்ளேயும் ஒலிபெருக்கி, வெளியே சந்தைப் பார்த்தும் ஒலிபெருக்கி. கீச்கீச்கீச்கீச். என் சத்தத்தை அது அப்படியே விழுங்கிவிட்டது.

நாலு தடவை கத்தியதும் நெஞ்சு இறுக ஆரம்பித்தது. இழுப்பு உள்ளவர்களுக்குத் தெரியும், அது வரப்போவது முன்கூட்டியே தெரிந்துவிடும். அந்த நெடி தொண்டையை அடைத்தது. கை தானாகப் பையைத் தேடியது. பை எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் நினைவு வந்தது. ஐயோ, அந்த நிமிடம் எனக்கு வந்த பயத்தை எந்த எதிரிக்கும் ஆண்டவர் கொடுக்கக் கூடாது.

தங்கை தேடி வருவாளா? வரமாட்டாள். நான் போன இடத்தில் யாரையாவது பிடித்துக் கதையளந்துகொண்டு நிற்பேன் என்பது அவளுக்குத் தெரிந்ததுதான். மதியம் வரை கவலைப்படவே மாட்டாள். மதியம் வரை என் மூச்சு தாங்குமா? என் பிள்ளைகள் முகம் வந்தது. நான் இங்கேதான் கிடக்கிறேன் என்று யாருக்குமே தெரியாமல் போய்விடுமோ என்று நினைத்தபோது அழுகை முட்டியது. அழுதால் மூச்சு இன்னும் போய்விடும் என்று அதையும் அடக்கிக்கொண்டேன். ஜெபம் சொல்லிப் பார்த்தேன், பாதியிலேயே வார்த்தை நின்றுவிட்டது.

கதவின் அடியில் கொஞ்சம் இடைவெளி இருந்தது. தரையில் குப்புறப் படுத்து அதில் முகத்தை வைத்து மூச்சை இழுத்தேன். அப்படிக் கிடந்தபோதுதான், படிக்கட்டுக்கு அடியில் சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. ஏதோ மிருகத்தின் கண் என்று நினைத்தேன். அது அசையவில்லை. ஒலிபெருக்கிப் பெட்டியின் விளக்கு.

என்னால் இனிமேல் கத்த முடியாது. இந்தச் சத்தத்தை நிறுத்தினால் என்ன என்று தோன்றியது.

தவழ்ந்து போனேன். ஒயரைத் தடவிக்கொண்டே போனதில் சுவரில் சுவிட்ச் தட்டுப்பட்டது. உடம்பெல்லாம் ஈரம், தொட்டால் அங்கேயே முடிந்துவிடுவேனோ என்று கையை இழுத்துக்கொண்டேன். காலில் இருந்த ரப்பர் ஜப்பான் சிலிப்பரைக் கழற்றி, அதன் நுனியால் குத்துமதிப்பாக அடித்தேன். தவறியது. மறுபடியும் அடித்தேன். டக்.

சத்தம் நின்றது. அப்படியொரு அமைதியை நான் கேட்டதே இல்லை. மேலே உண்மையான குருவிகளின் சிறகுச் சத்தம். கீழே என் நெஞ்சு விசில் அடிக்கிற சத்தம். மறுபடியும் கதவடிக்குத் தவழ்ந்து வந்து படுத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் வெளியே ஆள் பேச்சு கேட்டது. "டேய், குருவி நின்னுபோச்சுடா! கரண்டு இருக்கே, நம்ம பேன் ஓடுதே!"

"ஒயரை வெட்டிட்டானுங்க போல. கூரை வழியா எறங்கி கூடு திருட வந்திருக்கானுங்க. அந்த இரும்ப எடு!"

காலடிகள் ஓடி வந்தன. ஓர் இரும்புக் கம்பி சிமெண்டுத் தரையில் டங்கென்று மோதியது, என் முகத்துக்கு நேர் எதிரே. "யார்றா உள்ள? மரியாதையா வெளிய வந்துரு!" அந்தக் குரல் எனக்குத் தெரிந்தது. பட்டறை ஆள். எந்த ஆளுக்குப் பயந்து இந்தக் கதவுக்குள் நுழைந்தேனோ அதே ஆள்.

நான் பொம்பளை, திருடி இல்லை என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வருகிறது. கதவைத் தட்டினேன். "தட்டுறான் பாரு, எவ்வளவு கொழுப்பு!" என்று வெளியே இன்னும் கோபமானார்கள். கதவு திறந்ததும் முதல் அடி என் தலையில்தான் விழும் என்று நினைத்தேன். ஆனால் திறக்காமல் போய்விட்டால்? அது அதைவிடப் பயமாக இருந்தது. வேறு வழியில்லாமல், அந்த இடைவெளி வழியாக என் விரல்களை வெளியே நீட்டினேன். மிதித்தாலும் மிதிக்கட்டும்.

அப்புறம் அவர் குரல் முற்றிலும் மாறிப்போய்க் கேட்டது.

"ஐயோ, பொம்பள கைடா! அந்த அக்கா! இந்தப் பக்கம் வந்தாங்கல்ல, திரும்பி வரவே இல்லையேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். கட்டரைக் கொண்டா, சீக்கிரம்!"

பூட்டை வெட்டி என்னை வெளியே தூக்கி வந்து நிமிர்த்தி உட்கார வைத்தார்கள். நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். "தங்கச்சி... காப்பிக்கடை... பை" என்று மூன்று வார்த்தைதான் வந்தது. அவர் அடுத்த கேள்வி கேட்கவில்லை. பறந்தார்.

காப்பிக்கடையில் நடந்ததைத் தங்கை பிறகு சொன்னாள். கழுத்தெல்லாம் பச்சை குத்திய, கிரீஸ் அப்பிய ஓர் ஆள் ஓடி வந்து, "அக்கா பை இதா?" என்று கேட்டு, பதில் வருவதற்குள் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாராம். இவள் மலாயில் "திருடன், திருடன்" என்று கூப்பாடு போட்டுக்கொண்டே துரத்த, கடையில் இருந்தவர்கள் பாதிப் பேர் பின்னால் ஓடி வந்திருக்கிறார்கள். சந்துக்குள் வந்து பார்த்தால், திருடன் மண்டியிட்டு உட்கார்ந்து பம்பை எடுத்து என் வாயில் வைத்துக்கொண்டிருக்கிறார்.

மூச்சு மெல்லத் திரும்பியது. பட்டறையில் நாற்காலி போட்டு, சூடாகத் தேநீர் வாங்கிக் கொடுத்தார்கள். தகவல் தெரிந்து குருவிக் கட்டடத்து முதலாளி, தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடுகிற வயதான சீனர், பதறிக்கொண்டு வந்தார். பூட்டு உடைந்ததற்கு முதலில் கத்தினார். என் கோலத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டார். அவர் போய் சுவிட்சைப் போட்டார். மறுபடி கீச்கீச் என்று ஆரம்பித்ததும் தேநீர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டேன். பட்டறைத் தம்பி அதைக் கவனித்துவிட்டு, "தவுக்கே, கொஞ்ச நேரம் சத்தத்த அடைச்சு வைங்க. அக்கா போகட்டும்" என்று மலாயில் சொன்னார். தவுக்கேயும் மறுபேச்சில்லாமல் நிறுத்தினார்.

ஏன் என்னை அப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்டேவிட்டேன்.

"இந்தச் சந்துல ஒரு அம்மாவுக்குச் செயின அறுத்துட்டானுங்கக்கா. அதுலேர்ந்து பொம்பளைங்க தனியா வந்தா, அந்தப் பக்கம் போய்ச் சேர்ற வரைக்கும் பாத்துக்கிட்டே இருப்பேன். இன்னைக்கு டயர மாட்டக் குனிஞ்சேன், அதுக்குள்ள ஆளைக் காணோம்" என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை. "தம்பி" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழத்தான் முடிந்தது.

தங்கை அந்தக் கடையையே எடுத்துவிட்டாள். இந்தத் தெருவில் கூப்பிட்டால் வருகிற ஆட்கள் இருக்கிறார்கள், எனக்கு இது போதும் என்றாள். இப்போது முன்பக்கம் இன்னும் இரண்டு கடைகள் வெள்ளையடித்துத் திறந்திருக்கின்றன. நான் மட்டும் இன்றுவரை பின்சந்துப் பக்கம் போவதில்லை. குருவிச் சத்தம் தூரத்தில் கேட்டாலே பையில் பம்ப் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

எங்கள் எஸ்டேட்டில் பாதி வீடுகள் காலியாகிவிட்டன, மிச்சமிருப்பவர்களில் தனியாக இருப்பவர்களே அதிகம். ஆபத்தில் இருப்பவர்கள் கத்துவார்கள், நமக்குக் கேட்கும் என்று அதுவரை நினைத்திருந்தேன். கத்தவே முடியாமல் ஒரு கதவுக்குப் பின்னால் கிடப்பது எப்படி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால் எந்த வீட்டிலாவது காலையில் வழக்கமாகக் கேட்கும் ரேடியோவோ பாத்திரச் சத்தமோ கேட்கவில்லை என்றால், மூக்கை நுழைக்க வந்துவிட்டாள் என்று யார் சொன்னாலும் சரி, நான் போய்க் கதவைத் தட்டிவிடுகிறேன், உள்ளேயிருந்து "யாரு?" என்று ஒரு குரல் வரும்வரை தட்டுவதை நிறுத்துவதில்லை.