எங்கள் பெயர் ஏலத்துக்கு வந்த ஞாயிறு

எங்கள் பள்ளிக்குக் கட்டடம் கிடையாது. இரண்டு பழைய ஸ்கூட்டர்கள், நான், என் கணவரின் தம்பி மனைவி, அதாவது என் ஓரகத்தி. அவ்வளவுதான் பள்ளி. பெண்களுக்கு வண்டி ஓட்டச் சொல்லித் தருவோம். பொத்தேரி விடுதியில் தங்கிப் படிக்கும் பெண் வருவாள், கல்யாண வயதில் மகள் இருக்கும் அம்மாவும் வருவார். சேலையூர் காலனித் தெருக்களில் கால் ஊன்றி ஊன்றி ஆரம்பித்து, ஒருநாள் பெருங்களத்தூர் வரை போய் லாரிகளுக்கு நடுவே திரும்பி வந்துவிட்டால் தேர்ச்சி.

அத்தனை பேரும் எங்களைக் கண்டுபிடித்தது வெப்சைட் வழியாகத்தான். தாம்பரத்தையும் ஸ்கூட்டரையும் சேர்த்து நான் யோசித்த பெயர் அதற்கு. இணையத்தில் யார் தேடினாலும் நாங்கள்தான் முதலில் வருவோம். எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

சண்டை ஒரு போட்டோவில் ஆரம்பித்தது. ஓரகத்தி முகப்புப் பக்கத்துக்குப் புதுப் படம் போட்டாள். அதில் அவள் இருந்தாள், மாணவி இருந்தாள், வண்டிகூட முழுசாக இருந்தது. என்னுடையது முழங்கை மட்டும். கேட்டதற்கு, "ஸ்கிரீன்ல அவ்ளோதான் ஃபிட் ஆச்சு அக்கா" என்றாள். ஆரம்பித்தவளுக்கே இடம் இல்லையா? வாய் முற்றியது. ஆளுக்கொரு வண்டியாகப் பிரிந்தோம். அவள் மாடியில், நான் கீழே. ஒரே வீட்டில் இருந்துகொண்டு மாதக்கணக்கில் பேச்சே இல்லை.

வெப்சைட் மட்டும் பொதுவில் நின்றது. அதற்கான மெயிலும் பொது. அதை அவள் திறந்து பார்க்கட்டும் என்று நானும், நான் திறக்கட்டும் என்று அவளும் விறைத்துக்கொண்டு இருந்ததில், வெப்சைட் பெயருக்கு வருடப் பணம் கட்டிப் புதுப்பிக்கச் சொல்லி வந்த அத்தனை மெயிலும் யாரும் படிக்காமல் கிடந்தன.

ஒருநாள் பழைய மாணவி போன் செய்தாள். "மிஸ், உங்க சைட்டைத் திறந்தா பேர் ஏலத்துக்குன்னு வருது!"

பெயரைப் பதிவு செய்த கம்பெனிக்குப் போன் அடித்துக் கத்தினேன். அந்தப் பக்கம் இருந்த பெண் குரலே உயர்த்தவில்லை. "டைம் முடிஞ்சிடுச்சு மேடம். இனிமே யார் அதிகமா கேக்கறாங்களோ அவங்களுக்குத்தான். நீங்களும் கேக்கலாம்."

"என் பேரை நானே ஏலம் கேக்கணுமா?"

"டிரேட்மார்க் வாங்கியிருந்தா புகார் கொடுக்கலாம் மேடம். வாங்கியிருக்கீங்களா?"

எங்கே வாங்கினேன்! ஏலத்தின் விதியை மட்டும் கேட்டுக்கொண்டேன். கடைசி ஐந்து நிமிடத்துக்குள் யாராவது ஏற்றிக் கேட்டால், கடிகாரம் மறுபடி ஐந்திலிருந்து ஓடும். கேட்பவர் யார் என்று தெரியாது, ஒரு நம்பர்தான் தெரியும். மாடிக்கு நான் சொல்லவில்லை. சொன்னால் அவளும் கேட்பாள். பெயர் யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தான் மாணவிகள் வருவார்கள். அது எனக்கு வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை. சோபாவில் சம்மணம் போட்டு, போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வேறு யாரோ ஒருவன் ஏற்கெனவே கேட்டிருந்தான். எங்கோ ஏசி அறையில் காலாட்டிக்கொண்டிருக்கும் ஒரு தடியனாக அவனை நினைத்துக்கொண்டேன். கடைசி நிமிடம் வரை பொறுத்து, ஏற்றி அழுத்தினேன்.

"ஐயோ!" என்று மாடியில் ஒரு சத்தம்.

சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்த என் கணவர், "மேல மேட்ச் பாக்கறாங்க போல" என்றார்.

தடியன் என்னை முந்தினான். மாடியில் கைதட்டல். நான் முந்தினேன். மாடியில் நாற்காலி இழுபடும் ஓசை. அவன் மறுபடி ஏற்றியதும், கூரையைப் பார்த்துக்கொண்டே மறுபடி அழுத்தினேன்.

"எவன்டா அவன், சனியன்!" என்று என் ஓரகத்தியின் குரல் தெளிவாகக் கேட்டது.

செருப்புகூடப் போடாமல் படியேறி ஓடினேன். அவள் தரையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, அடுத்த தொகையை அடிக்கப் போய்க்கொண்டிருந்தாள்.

"கையை எடுடி!"

அவள் என்னையும் என் போனையும் பார்த்தாள். "நீங்களா? நான் யாரோ வெளியாள் தூக்கிட்டுப் போறான்னு நினைச்சேன்!"

"என் பேர் அது!"

"வெயில்ல வண்டிக்குப் பின்னாடி நான் ஓடலையா? எனக்கு அதுல பாத்தியதை இல்லையா?"

இத்தனை நாள் சேர்த்து வைத்ததையெல்லாம் மாற்றி மாற்றிக் கொட்டினோம். அந்த நேரம் பார்த்து என் போனும் அவள் லேப்டாப்பும் ஒன்றாகச் சத்தம் போட்டன. யாரோ எங்களுக்கு மேல் கேட்டிருந்தார்கள்.

"நீயா போட்டே?"

"என் கை ரெண்டும் இங்க இருக்கு, பாருங்க!"

இரண்டு பேர் இப்படி அடித்துக்கொள்கிறார்களே, இதில் ஏதோ இருக்கிறது என்று நிஜமாகவே ஒரு வெளியாள் வந்துவிட்டான்! உடனே ஏற்றி அழுத்தினேன். போன் மறுத்துவிட்டது. புதுக் கணக்கு, இதற்கு மேல் கேட்க அடையாள அட்டை சரிபார்க்க வேண்டும், ஒரு நாள் ஆகுமாம். அவள் அதையெல்லாம் முன்கூட்டியே முடித்து வைத்திருந்தாள். அவள் அப்படித்தான்.

கடிகாரம் ஓடியது. அவள் அழுத்தாமல் என் முகத்தைப் பார்த்தாள். அவள் அழுத்தினால் பெயர் அவள் கணக்குக்குப் போகும். அழுத்தாவிட்டால் எவனிடமோ போகும்.

"என் மூஞ்சில என்ன இருக்கு? போடு!" என்று கத்தினேன்.

போட்டாள். அவன் ஏற்றினான். "விடாதே, போடு!" மறுபடி ஏற்றினான். நான் அவள் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தேன். அவள் கடைசியாகப் போட்டதும் அவன் பக்கம் சத்தமில்லை. நாலு நிமிடம், மூன்று, இரண்டு. பூஜ்யம் வந்தது.

கட்டிப்பிடித்துக் கத்தினோம், பாருங்கள், என் கணவர் மீன் கையோடு மாடிக்கு ஓடி வந்துவிட்டார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். நான் ஆடவே ஆடினேன்.

கத்தி ஓய்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஜெயித்தது அவள் கணக்கு. தோற்றது நான்.

திரையில் உரிமையாளர் பெயர் கேட்டு ஒரு கட்டம் வந்தது. ஒரு பெயருக்குத்தான் இடம். என்ன சண்டை போடலாம் என்று நான் மனதுக்குள் தயாராகிக்கொண்டிருந்தபோது, அவள் என்னைக் கேட்காமலே தட்டச்சு செய்தாள். என் பெயர். இனிஷியலோடு.

"எதுக்குடி?" என்றேன்.

லேப்டாப்பை மூடாமலே சொன்னாள். "என் பேர்ல இருந்தா நீங்க கிளாஸுக்கு வரமாட்டீங்க அக்கா. உங்க பேர்ல இருந்தா நான் வருவேன்."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் சொன்னது உண்மை.