எல்லை வண்டிக்கு மட்டும் ஒரு செருமல்

மைக்கின் தலையில் விரல் நகத்தால் இரண்டு தட்டு. பிறகு, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு." எல்லா வண்டிகளுக்கும் இதுதான் முறை. எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மதியம் வருகிற எல்லை வண்டிக்கு மட்டும் நடுவில் ஒன்று கூடுதலாக உண்டு. தட்டி முடித்துப் பேசத் தொடங்கும் முன், அறிவிப்பு சொல்கிற மைக்கம்மா தொண்டையை ஒரு முறை செருமிக்கொள்வாள். அந்தச் செருமல் நடைமேடை, டீக்கடை, கழிப்பறை என்று பஸ் நிலையம் முழுக்க ஒலித்துவிட்டுத்தான் அடங்கும்.

"அது என்னக்கா, அந்த வண்டி வரும்போது மட்டும் உங்களுக்குத் தொண்டை கமறுது?" என்று டிக்கெட் கவுண்டருக்குப் புதிதாக வந்த பெண் ஒருநாள் கேட்டாள்.

"வயசாச்சில்ல, புழுதி ஒத்துக்கல" என்றாள் மைக்கம்மா. கேட்டவளும் நம்பிவிட்டாள். பாவம், நல்ல பெண்.

மைக்கம்மாவின் அறை மாடியில். மூன்று பக்கமும் கண்ணாடி, நான்காவது பக்கம் ஏணி மாதிரி செங்குத்தான படிக்கட்டு. ஒரு மைக், ஒரு மின்விசிறி, உட்கார்ந்து உட்கார்ந்து அவள் உடம்புக்கே அச்சாகிவிட்ட ஒரு நாற்காலி. இங்கிருந்து பார்த்தால் மனிதர்களின் முகம் தெரியாது, உச்சந்தலைதான் தெரியும். போர்ட்டர்களை அவள் வழுக்கையை வைத்தே அடையாளம் சொல்வாள். "முகத்துல பொய் சொல்லலாம். உச்சந்தலையில என்னத்தச் சொல்றது?" என்பாள்.

வீட்டிலும் அதே குரல்தான். மகள் சின்னவளாக இருந்தபோது குளியலறைக்குள் போனால் வெளியே வருகிற வழக்கமே கிடையாது. "குளியலறையில் இருக்கும் பயணி உடனடியாக வெளியே வரவும். பள்ளி வண்டி புறப்படத் தயாராக உள்ளது" என்று அடுப்படியிலிருந்து அறிவிப்பு வரும். எல்லை வண்டியின் டிரைவரான கணவர் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்து சிரிப்பார். "உங்கம்மாவுக்கு வாய்ல சுவிட்ச் வைக்க மறந்துட்டாங்கம்மா" என்று மகளிடம் சொல்வார். அவர் சிரித்து முடிக்கும்வரை இவள் முறைத்துக்கொண்டு நிற்பாள், அப்புறம் இவளுக்கும் சிரிப்பு வந்துவிடும்.

அந்தக் காலத்தில் எல்லை வண்டி வந்து நிற்கிற அழகை அவள் சொல்லிக் கேட்க வேண்டும். புழுதி படிந்த வண்டி உள்ளே நுழையும்போதே கூட்டம் கூடவே ஓடும். வண்டி நிற்கும் முன் ஜன்னல் வழியாகக் குழந்தைகளை இறக்குவார்கள். யார் பிள்ளை, யார் கை என்று யார் பார்த்தது? வாங்கினவர் ஒரு முத்தமும் கொடுத்துவிட்டுத்தான் பெற்றவளைத் தேடுவார். ஒரே தண்ணீர்ப் பாட்டில் நாலு பேர் வாய்க்குப் போகும். வழியெல்லாம் முன்பின் தெரியாதவர் தோளில் தூங்கிக்கொண்டு வந்தவன், இறங்கும்போது "வரேங்க, வீட்டுப் பக்கம் வாங்க" என்று விலாசம் சொல்லாமலே கூப்பிட்டுவிட்டுப் போவான். "எச்சில்னா என்ன, தும்மல்னா என்னன்னு ஒரு நினைப்பே இல்லாம இருந்தோமே!" என்று சொல்லும்போது மைக்கம்மாவின் குரல் மைக் இல்லாத குரலாகிவிடும்.

அதற்கப்புறம்தான் அந்தக் காய்ச்சல் வந்தது. முதலில் எங்கேயோ ஒரு தூரத்து நகரத்தில் என்றார்கள். அப்புறம் எல்லைக்கு அந்தப் பக்கம் என்றார்கள். பஸ்ஸில் ஏறி வருகிறது, சூட்கேஸில் ஒட்டிக்கொண்டு வருகிறது, டிக்கெட்டைத் தொட்டாலே போச்சு என்று ஆளுக்கொரு கதை. எல்லாவற்றையும் கேட்டுச் சிரித்தவர் டிக்கெட் கவுண்டரில் இருந்த அண்ணன். மைக்கம்மாவுக்குத் தினமும் டீ வாங்கி அந்தச் செங்குத்துப் படியில் மூச்சு வாங்க ஏறிவந்து, "இந்தாம்மா, தொண்டைக்குப் பெட்ரோல்" என்று வைத்துவிட்டுப் போகிற மனிதர். ஒருநாள் டீ வரவில்லை. அடுத்த வாரம் அவரே இல்லை. முகத்தைக்கூட யாருக்கும் காட்டாமல் கொண்டுபோய்விட்டார்கள்.

அதோடு பஸ் நிலையம் மாறிப்போயிற்று. மைக்கம்மாவும் பயந்தாள், இல்லையென்று அவள் எப்போதும் சொன்னதில்லை. மைக்கின்மேல் கைக்குட்டையைச் சுற்றிவைத்துத் தினமும் துவைத்தாள். கணவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனால் திரும்பி வரும்வரை அவளுக்குச் சோறு இறங்காது.

அப்படி ஒரு மதியம்தான் எல்லை வண்டி வாசல் வரை வந்து நின்றுவிட்டது. வழியில் எந்த ஊரிலும் நிறுத்தவே விடவில்லை. தண்ணீர் வாங்கக்கூட ஒருவரையும் இறங்க விடவில்லை. சொந்த நிலையத்துக்கு வந்தால் இங்கே கேட்டைச் சாத்திவிட்டார்கள். போர்ட்டர்கள், கடைக்காரர்கள், தினமும் வந்துபோகிற பயணிகள் என்று கேட்டுக்கு முன்னால் ஒரே கூட்டம், நாலைந்து பேர் கையில் கல். "உள்ள விடாத! திருப்பி அனுப்பு!" என்று ஒரே கூச்சல். எல்லாம் அண்ணனுக்காக அழுத ஆட்கள்தான். மேலேயிருந்து பார்த்தால் ஒவ்வொரு உச்சந்தலையும் அவளுக்குத் தெரிந்த தலை.

"வண்டி திரும்பிப் போகணும்னு மைக்ல சொல்லுங்க" என்று நிலைய மேலாளர் கீழேயிருந்து கத்தினார்.

வண்டி கேட்டுக்கு வெளியே தள்ளி நின்றதால், முன்கண்ணாடிக்குப் பின்னால் கணவரின் முகமே தெரிந்தது. வேர்த்து, உதடு காய்ந்து, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜன்னலில் ஒரு பெண் தன் குழந்தையைத் தூக்கித் தூக்கிக் காட்டினாள். மைக்கம்மா நகத்தால் இரண்டு தட்டினாள். வாயைத் திறந்தாள். போகச் சொல்லவும் வரவில்லை, வரச் சொல்லவும் வரவில்லை. அழுகை தொண்டையை அடைத்தது. அடைத்தது பெரிய இருமலாக வெடித்து மைக்கில் விழுந்தது.

ஸ்பீக்கர் குழாய் கேட்டுக்கு நேர் மேலே இருந்தது. கூட்டம் அண்ணாந்து பார்த்தது. "ஐயையோ! அந்த டிரைவர் சம்சாரம்ல! அந்தம்மாவுக்கும் வந்துடுச்சு!" என்று ஒருவன் அலறினான். அவ்வளவுதான். குழாயிலிருந்து காய்ச்சல் சொட்டுச் சொட்டாக விழுகிற மாதிரி மூக்கைப் பொத்திக்கொண்டு சிதறி ஓடினார்கள். கல்லைப் போட்டுவிட்டு ஓடினார்கள். வாட்ச்மேன் கேட்டுச் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு ஓடினான்.

மைக்கம்மா ஒரு கணம் திகைத்தாள். பிறகு புரிந்தது. மைக்கைக் கிட்டே இழுத்து இன்னொரு தரம் இருமினாள், இந்தத் தடவை மனதார, அடிவயிற்றிலிருந்து. கணவர் இறங்கிவந்து தானே கேட்டைத் திறந்தார், தானே வண்டியை உள்ளே கொண்டுவந்து நிறுத்தினார். ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் வந்து ஒவ்வொருவராகப் பார்த்தாள். வண்டியில் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை, தாகம்தான். மைக்கம்மா குடத்தோடு இறங்கி ஓடினாள். தண்ணீரைக் குடித்துவிட்டுக் கணவர் சொன்ன முதல் வார்த்தை: "மொத இருமல் நல்லா இருந்துச்சு. ரெண்டாவதுதான் கொஞ்சம் ஓவர்."

அன்றிலிருந்து அவர் வண்டி வந்தால் மேலேயிருந்து ஒரு செருமல். பதிலுக்குக் கீழேயிருந்து ஹாரன், சின்னதாக ஒரே ஒரு அழுத்து. காய்ச்சல் ஓய்ந்த பிறகும் வருஷக்கணக்காக இது நடந்தது. கூட்டத்துக்கு நடுவில் இரண்டு பேர் மட்டும் பேசிக்கொள்கிற பேச்சு. அவர் ஓய்வு பெற்ற பின்னும் அவள் செருமுவதை நிறுத்தவில்லை. புது டிரைவருக்கு இதெல்லாம் என்ன தெரியும்? அவன் பாட்டுக்கு வருவான், அவன் பாட்டுக்குப் போவான். பதில் ஹாரன் இல்லாத அந்தக் கொஞ்ச நேரம் அவளுக்கு என்னவோ போல இருக்கும்.

இப்போது மறுபடி ஒரு காய்ச்சல். பழையபடியே தூரத்து நகரம், எல்லை, பஸ். மகள் வாழ்க்கைப்பட்டுப் போன பக்கம்தான். அவளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று தாத்தா பார்க்கப் போனார், பாட்டிக்கு லீவு கிடைக்கவில்லை. போன பிறகுதான் செய்தி வந்தது. இன்றைக்கு எல்லை வண்டியில் திரும்புகிறார். வயதான உடம்பு, ஒட்டிக்கொண்டு வந்தால் தாங்குமா என்றே மைக்கம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். "உங்க வீட்டுக்காரர் வெளியவே கொஞ்ச நாள் தங்கிட்டு வரட்டுமேக்கா" என்று கீழ்வீட்டுப் பெண் வேறு தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனாள். தன்மையாகச் சொன்னதுதான் அதிகம் வலித்தது.

காலையில் வழியிலிருந்து போன் செய்தார். "எனக்கு ஒண்ணுமில்ல. ஒருதரம் தும்மினேன், பக்கத்து சீட்டு காலி. கால நீட்டிக்கிட்டு ராஜா மாதிரி வரேன்" என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. "வாய மூடிக்கிட்டு வாங்க, அது போதும்" என்றாள்.

புது மேலாளர் படியேறி வந்தார். சின்ன வயது, நல்ல மரியாதை. "அக்கா, தப்பா நினைக்காதீங்க. அந்தச் செருமல் இன்னைக்கு வேண்டாமே. நேத்து ஒரு குடும்பமே ஸ்பீக்கரப் பாத்துட்டுப் பொட்டிய எடுத்துக்கிட்டு இடம் மாறிடுச்சு."

"சரிங்க சார்" என்றாள். அவர் சொன்னதில் என்ன தப்பு?

எல்லை வண்டி வந்தது. இந்தத் தடவை கேட் திறந்தே இருந்தது, யார் கையிலும் கல் இல்லை. ஆனால் நடைமேடையில் நின்றவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் பின்னுக்கு நகர்ந்தார்கள். வண்டியைச் சுற்றி வெறும் தரை. மைக்கம்மா இரண்டு தட்டு தட்டி, தொண்டையை அடக்கிக்கொண்டு, எழுதிக் கொடுத்ததை மட்டும் படித்தாள். ஒவ்வொருவராக இறங்கினார்கள். நர்ஸ் நெற்றிக்கு நேராகக் காய்ச்சல் பார்க்கும் கருவியை நீட்டிப் பார்த்து அனுப்பினாள். எல்லோரும் தலை குனிந்து வேகவேகமாகப் போனார்கள்.

கடைசியில் அவளுக்கு மனப்பாடமான வழுக்கை ஒன்று இறங்கியது. நர்ஸ் பார்த்தாள். இன்னொரு தரம் பார்த்தாள். மைக்கம்மா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். அப்புறம் நர்ஸ் தலையசைத்துப் போகலாம் என்று கை காட்டினாள். ஆனால் அவர் போகவில்லை. காலித் தரையில் பையோடு நின்று எதற்கோ காத்திருந்தார். பிறகு அண்ணாந்து பார்த்தார். வழுக்கை முகமாயிற்று. இளைத்துப்போன முகம்.

மேலாளர் கீழே நின்றுகொண்டிருந்தது அவளுக்குத் தெரியும். நின்றால் நிற்கட்டும். நகத்தால் இரண்டு தட்டினாள். செருமினாள்.

குழாய்க்குக் கீழே நின்ற கூட்டம் சட்டென்று கலைந்தது. அவர் மெதுவாக நடந்து, அவர்கள் விட்டுப்போன அந்த இடத்துக்கு வந்து, குழாய்க்கு நேர் கீழே பையை வைத்தார். கையை நெஞ்சுக்கு நேராக நீட்டி, அங்கே இல்லாத ஹாரனைச் சின்னதாக ஒரே ஒரு அழுத்து அழுத்தினார்.